துடைத்துத் தேய்ந்த பெயர்

அந்த ஓட்டலில் நூற்றிருபது அறைகள். அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பித்தளைக் குமிழ், குமிழுக்கு மேலே சிறு பித்தளைத் தகட்டில் ஓர் எண். இது போக லிஃப்டின் இரண்டு கதவுகள், நான்கு மாடிக்கும் படிக்கட்டுக் கைப்பிடி, வரவேற்பு மேசையில் மணி, வாசல் கதவில் ஆள் உயரத்துக்கு ஒரு தகடு. இத்தனையையும் முப்பத்தொரு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஒரே ஆள். ஓட்டலில் அவரைப் 'பித்தளை' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதுக்கு மரியாதை கொடுக்க நினைப்பவர்கள் 'பித்தளையண்ணே' என்பார்கள். சம்பளப் பட்டியல் எழுதுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அவருடைய நிஜப் பெயர் தெரிந்திருக்காது. அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை.

தொழிலில் அவர் பொல்லாத மனுஷன். கைப்பிடியில் ஒரு மங்கல் தெரிந்தால் அன்று முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது கதவுத் தாழ்ப்பாளை. மனிதர்களை அப்புறம்தான் பார்ப்பார். போகிற இடங்களும் அதிகமில்லை என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரே மகன். அதே ஓட்டலில் லிஃப்ட் ஓட்டினான். அப்பா முட்டி போட்டு லிஃப்ட் கதவைத் துடைத்து, எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருக்கும் அந்த நிமிஷத்தில், மகன் வந்து கட்டைவிரலை அழுத்தி நடுவில் ஒரு முத்திரை வைப்பான்.

"எடு கையை. உனக்கு வேற வேலையே இல்லையா?"

"எனக்கு இருக்கு. உங்களுக்கு இல்லாமப் போயிடக்கூடாதேன்னுதான்பா."

இந்த விளையாட்டு மூன்று வருஷம் நடந்தது. அப்புறம் போர் வந்தது. லிஃப்ட் ஓட்டுகிறவனை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது போதும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பதினான்காம் மாதத்தில் தந்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை என்று பின்னால் வந்த கடிதம் சொன்னது. இருபத்திரண்டு வயது.

போர் முடிந்தபின் ஒவ்வொரு நாடும் பறிகொடுத்த குடும்பங்களுக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்தது. சட்டையில் குத்திக்கொள்ள நட்சத்திரம் கொடுத்த நாடு உண்டு. கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் கொடுத்த நாடு உண்டு. இந்த நாடு ஒரு வெண்கலத் தகடு கொடுத்தது. சாப்பாட்டுத் தட்டின் பாதி அகலம். தலை குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் உருவம், பக்கத்தில் ஒரு சிறு கட்டம், கட்டத்துக்குள் புடைத்த எழுத்தில் பெயர். பதவி கிடையாது. தளபதி மகனுக்கும் லிஃப்ட்காரனுக்கும் ஒரே அளவு, ஒரே எழுத்து. அதில் மட்டும் அரசாங்கம் நியாயமாக நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். கூடவே நாட்டுத் தலைவரின் கடிதம் ஒன்று. 'உங்கள் துயரத்தில் நானும் ஒருவன்' என்றது. கையெழுத்தும் அச்சுதான். அத்தனை ஆயிரம் வீட்டுத் துயரத்திலும் ஒருவராக இருக்க வேண்டுமானால் அவரும் என்ன செய்வார்.

தகடு அட்டை உறைக்குள் தபாலில் வந்தது. பித்தளைக்காரரின் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். புதிய வெண்கலம் கரும்பழுப்பாக, அடக்கமாக இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. குளிர் தொடங்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை நகராட்சி மண்டபத்துப் படிகளில் தகடு பெற்ற குடும்பங்கள் வந்து நிற்க வேண்டும். நகராட்சி எழுத்தர் ஒவ்வொரு பெயராக உரக்கப் படிப்பார். பட்டியலை எந்த வரிசையில் போடுவது என்று குழு நான்கு முறை கூடியது. பதவிப்படியா, செத்த தேதிப்படியா, தெருவாரியாகவா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பட்டியலே வேண்டாம் என்று முடிவு செய்தது. அவரவர் தகட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பது. எழுத்தர் ஒவ்வொரு படியாக ஏறி வந்து, தகட்டில் இருப்பதைப் படிப்பது. படித்ததும் தகட்டை இறக்கிக்கொள்ளலாம், விருப்பப்பட்டால் போய்விடலாம். யார் முதல் வருஷம் எங்கே நின்றார்களோ அதுவே அவர்கள் இடம் ஆகிவிட்டது. பித்தளைக்காரரின் இடம் மூன்றாம் படி, இடது ஓரத்திலிருந்து இரண்டாவது.

அந்த முதல் வருஷம் வானம் மூடிக்கிடந்தது. எழுத்தர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, கீழே இறக்கி, கரும்பழுப்பில் எழுத்தைத் தேடினார். மகன் பெயரின் நடுவில் தடுமாறி, தொண்டையைச் செருமி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பித்தளைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தன் வீட்டுப் பொருள் மங்கலாக இருந்ததால் பிள்ளையின் பெயர் ஊர் நடுவில் தட்டுத்தடுமாறியதே என்று.

மறுநாள் காலை துணியும் பாலிஷும் எடுத்து உட்கார்ந்தார்.

"அதை விடுங்க," என்றாள் மனைவி. "எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கட்டும்."

"எழுத்தே தெரியலை. உனக்கு இதெல்லாம் புரியாது."

முப்பத்தொரு வருஷத் தொழிலில் அவர் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான் என்று பின்னால் அவருக்கே தோன்றியது. புரியாதது அவருக்குத்தான்.

மனைவி நான்காவது வருஷம் போய்ச் சேர்ந்தாள். அதன்பின் வீடு என்பது சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கடிகாரம், ஒரு தகடு. காலையில் எழுந்ததும் தகட்டை எடுத்து ஜன்னலோரம் உட்கார்வார். வட்டமாகப் பத்துத் தேய்ப்பு, குறுக்கே பத்து, உலர்ந்த துணியால் ஒரு ஓட்டம். கட்டத்துக்குள் விரல் நுனியில் துணியைச் சுற்றித் துடைப்பார். திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் துடைப்பார். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கிறவன் தொழில்காரனே இல்லை என்பது அவர் கட்சி. முடித்ததும் மகன் பெயரை ஒரு தரம் சொல்வார். தகட்டில் கட்டைவிரல் ரேகை எதுவும் இருக்காது. இருந்தாலும் அடுத்த நாள் துடைக்க வேலை இருந்தது.

வீட்டுக்கு வெளியே அந்தப் பெயரைச் சொல்ல ஆள் கிடையாது. ஓட்டலில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். லிஃப்ட் இப்போது பொத்தானை அமுக்கினால் தானே ஓடுகிறது. ஒரு பெயர் இன்னொருவர் வாயிலிருந்து வந்து காதில் விழுவது வேறு. தானே சொல்லித் தானே கேட்பது வேறு. இதைத் தனியாக இருந்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, மூன்றாம் படியில், எழுத்தர் அந்தப் பெயரைச் சொல்வார். அந்த ஒரு விநாடிக்காகத்தான் பித்தளைக்காரர் மற்ற முந்நூற்று அறுபத்துநான்கு நாளையும் தள்ளிக்கொண்டு வந்தார். கேட்டதும் படியிறங்கிப் போய்விடுவார். காதில் விழுந்ததை வேறு சத்தம் கலக்காமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது போல வேகமாக நடப்பார்.

அங்கேயும் அவருக்கு ஒரு குறை இருந்தது. அவருக்கு இடப்பக்கம், ஓரத்தில், ஒரு அம்மாள் நிற்பாள். பழைய செய்தித்தாளில் சுற்றித் தகட்டைக் கொண்டுவருவாள். வந்த நாளிலிருந்து துடைக்காததால் அது கறுத்துப்போய் இருக்கும். ஒரு துணி எடுத்துத் துடைக்கக்கூடாதா, பிள்ளைக்குச் செய்ய இதுகூடவா முடியாது என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வார். அவளைப் பற்றி அவர் நினைத்தது மொத்தமே அவ்வளவுதான். பேசியதில்லை.

ஒருமுறை ஓட்டலுக்கு வேற்றுநாட்டு அம்மாள் ஒருத்தி வந்தாள். கோட்டில் சிறிய நட்சத்திரம் குத்தியிருந்தாள். மற்றவர்கள் நகை என்று நினைத்திருப்பார்கள். உலோகம் பார்த்துப் பழகிய இவர் கண் உடனே தெரிந்துகொண்டது. கையில் துணியோடு அப்படியே நின்றார். அவளும் நின்றாள். இவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையால் தகட்டின் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். அவள் தலையசைத்தாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. லிஃப்ட் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கு அவர் அந்தக் கதவை இரண்டு முறை துடைத்தார்.

பத்தொன்பதாவது வருஷம், பெயர் படிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் இருக்கையில், மேற்பார்வை பார்க்கும் அம்மாள் அவரை இரண்டாம் மாடிக்குக் கூப்பிட்டாள். இருநூற்றுப் பதினான்காம் அறை வாசலில் ஒரு விருந்தாளி சாவியோடு கோபமாக நின்றுகொண்டிருந்தார்.

"பித்தளையண்ணே, இது என்ன நம்பர்னு படிங்க."

"இருநூத்திப் பதினாலு."

"மனப்பாடமாச் சொல்லாதீங்க. பாத்துப் படிங்க."

பார்த்தார். ஒரு இரண்டின் தலை தெரிந்தது. மற்றதெல்லாம் மழமழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது.

"துடைக்கச் சொன்னா நம்பரையே துடைச்சு எடுத்துட்டீங்களே," என்றாள் அவள். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "இந்த மாடி முழுக்க மாத்தச் சொல்லணும்."

பித்தளைக்காரர் துணியையும் டப்பாவையும் அங்கேயே தரையில் வைத்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். அத்தனை வருஷத்தில் பாதி வேலையில் அவர் எழுந்துபோனது அன்றுதான்.

தகட்டை ஜன்னலுக்கு எடுத்துப்போய், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தலை குனிந்த பெண்ணுக்கு மூக்கும் கண்ணும் போய்விட்டிருந்தன. கட்டத்துக்குள் முதல் எழுத்தின் ஒரு வளைவு, கடைசியில் ஒரு புள்ளி. நடுவில் ஒன்றுமில்லை. தினமும் காலையில் அவர் அதைப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பதினான்கைப் படித்தது போலத்தான் இதையும் படித்திருக்கிறார். விரலால் தடவினார். விரலுக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. "அதை விடுங்க" என்று மனைவி சொன்னது, நேற்றுச் சொன்னது போலக் கேட்டது. அவர் குலுங்கி அழுதார். கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம்வரை எப்படிப் படித்தார்கள் என்றால், பழைய எழுத்தர் பார்த்துப் படிக்கவே இல்லை. அவருக்கும் எல்லாப் பெயரும் மனப்பாடம். அவர் இந்த வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார் என்று பித்தளைக்காரருக்குத் தெரியும். புதியவர் பார்த்துத்தான் படிப்பார்.

மறுநாள் தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தகடு கொடுக்கிற அரசாங்க நினைவுப்பொருள் அலுவலகத்துக்குப் போனார். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பெண். மரியாதையான பெண்தான்.

"சொல்லுங்கய்யா. தொலைஞ்சு போச்சா, எரிஞ்சு போச்சா, திருட்டுப் போச்சா?"

"தேஞ்சு போச்சும்மா."

அவள் படிவங்களைப் புரட்டினாள். "தேஞ்சு போனதுக்குப் பாரம் இல்லையே. இந்த மூணுக்குத்தான் இருக்கு. எரிஞ்சு போச்சுன்னு போட்டுக்கவா?"

"எரியலையே. இதோ இருக்குதே."

தகட்டை மேசைமேல் வைத்தார். அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "பேர் இல்லைன்னாலும் பரவாயில்லை. பின்பக்கம் வரிசை எண் அடிச்சிருப்பாங்க, அதை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்," என்று திருப்பினாள். பின்பக்கம் அவள் முகம்தான் தெரிந்தது.

"பின்னாடியுமா துடைச்சீங்க?"

பித்தளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாவம், அவள் நல்லவள். ஒரு படிவத்தில் தலைப்பை அடித்துவிட்டுக் கையால் 'தேய்வு' என்று எழுதினாள். பெயர் போடும் இடத்தில் அவரையே எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தார். அவள் வாய்விட்டுப் படிப்பாள் என்று அவர் ஒரு நிமிஷம் காத்திருந்தார். அவள் கண்ணால் பார்த்துவிட்டு, கீழே கோடு போட்டாள்.

"புதுசு வர எட்டு மாசம் ஆகும். பழசை இங்க குடுத்துட்டுப் போகணும். ஒரு ஆளுக்கு ரெண்டு தகடு இருக்கக்கூடாதுன்னு விதி."

"ஞாயித்துக்கிழமை படிக்கட்டுல நிக்கணும்மா. முடிஞ்சதும் கொண்டாரட்டுமா?"

"கொண்டாங்க. ஆனா இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னா என்னத்தைப் படிப்பாங்க?"

அவர் தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிறுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் தகட்டைத் தொடவில்லை. காலையில் எழுந்தால் கை சும்மா இருந்தது. கடிகாரத்தைப் பார்ப்பார், தகட்டைப் பார்ப்பார், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். கருப்பு மையால் பெயரை எழுதிவிடலாமா என்று தோன்றியது. எழுதினால் தன் கையெழுத்தைத்தானே எழுத்தர் படிப்பார். போகாமலே இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. போகாவிட்டால் அந்தப் பெயரை இந்த வருஷம் உலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். இதை நினைத்துத்தான் ஞாயிறு காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். தகட்டின் ஓரத்தில் லேசாக மங்கல் ஏறத் தொடங்கியிருந்தது.

படிகளில் வருஷா வருஷம் ஆள் குறைந்துகொண்டு வந்தது. மூன்றாம் படியில் ஒன்பது பேர் நின்றார்கள். கறுப்புத் தகட்டு அம்மாள் செய்தித்தாளைப் பிரித்து மடித்து இடுக்கிக்கொண்டாள். அவளுடைய தகட்டை அவர் முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். குனிந்த பெண்ணின் கண்ணிமைகூடத் தெரிந்தது.

புதிய எழுத்தர் கண்ணாடி போடாதவர், கணீரென்று படித்துக்கொண்டு வந்தார். முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படியில் ஒவ்வொருவராக. பித்தளைக்காரரின் முன்னால் வந்து நின்றார். குனிந்தார். இன்னும் குனிந்தார். தகட்டில் வானமும் அவருடைய தொப்பியும்தான் தெரிந்திருக்கும்.

"ஐயா, இதுல பேர் தெரியலையே," என்றார் மெதுவாக. "என்ன பேருங்க?"

பித்தளைக்காரர் வாயைத் திறந்தார். தினமும் காலையில் சொல்கிற பெயர்தான். சொன்னால் எழுத்தர் திருப்பிச் சொல்வார். அது தன் குரலே சுவரில் பட்டுத் திரும்புவது மாதிரி. அதற்காகவா ஒரு வருஷம் காத்திருந்தார். வாயை மூடிக்கொண்டார். பின் படிகளில் யாரோ இருமினார்கள். எழுத்தர் அடுத்த ஆளைப் பார்க்கத் தலையைத் திருப்பினார்.

அப்போது இடப்பக்கத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது.

கறுப்புத் தகட்டு அம்மாள் நேராகப் பார்த்தபடியே சொன்னாள். முன்னெழுத்தோடு, முழுசாக, பழைய எழுத்தர் நடுவில் விடுகிற அந்தச் சின்ன இடைவெளியோடு.

"அந்தப் பேர்தான்," என்றாள் எழுத்தரிடம். "பத்தொம்பது வருஷமா எம்பிள்ளைக்கு முன்னாடி அந்தப் பேர்தான் வரும். அது வந்தாத்தான் அடுத்தது எங்களுதுன்னு எனக்குத் தெரியும்."

எழுத்தர் நிமிர்ந்து நின்று அந்தப் பெயரைக் கணீரென்று சொன்னார். படிகளில் எல்லோருக்கும் கேட்டது.

பித்தளைக்காரர் தகட்டை இறக்கினார். வழக்கப்படி படியிறங்க ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார். அப்போதுதான் உறைத்தது. அவள் மகனின் பெயர் அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அதைக் கேட்க நின்றதில்லை. காலைப் பின்னுக்கு எடுத்து, பழையபடி நின்றார்.

எழுத்தர் அவளுடைய தகட்டைப் படித்தார். தடுமாற்றமே இல்லை, எழுத்து அவ்வளவு தெளிவு. பித்தளைக்காரர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் மகனின் பெயரைவிடக் கொஞ்சம் நீளமான பெயர்.

அவள் தகட்டைச் செய்தித்தாளில் சுற்றினாள். "இன்னிக்கு நின்னுட்டீங்க," என்றாள்.

"ஆமாம்மா." துண்டை எடுத்துத் தகட்டைச் சுற்றினார். "இத்தனை நாள் நான் நிக்கலை. தப்புத்தான்."

"பரவாயில்லைங்க. ஒவ்வொருத்தருக்கு ஒரு மாதிரி." அவள் படியைப் பிடிமானம் பார்த்து இறங்கினாள். கால் வீங்கியிருந்தது. பாதியில் நின்று திரும்பினாள். "எனக்கு முட்டி போயிடுச்சு. அடுத்த வருஷம் இந்தப் படி ஏற முடியுமோ என்னமோ. நான் வரலைன்னா எம்பிள்ளை பேரைச் சொல்லச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்மா."

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு அவரும் நடந்தார். அன்று அவர் வேகமாகப் போகவில்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் தாண்டும்போது அவள் மகனின் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னார். தபாலாபீஸ் அருகே முன்னெழுத்து மறந்துபோனது. துண்டில் சுற்றிய தகட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். ஞாபகம் வந்ததும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.